இதழை நம்பாதீர்கள், மகரந்தப்பையைப் பாருங்கள்: கடுகுக் குடும்பப் பூக்கள் பற்றி

கேட்டவர் தாவரவியல் படிக்கும் மாணவி. வீடு காரைக்குடிப் பக்கம். பின்கட்டைத் தாண்டியுள்ள செம்மண் தோட்டத்தில், அஞ்சறைப்பெட்டியிலிருந்து அள்ளித் தூவிய கடுகு முளைத்து, மார்கழியில் பூத்து, வரிசை தவறாமல் காய்த்திருக்கிறது. பக்கத்திலேயே பிடுங்காமல் விட்ட ஒற்றை முள்ளங்கி கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் நிற்கவில்லை. மண்ணில் சத்து போதவில்லை என்கிறார் ஆச்சி. இரண்டும் ஒரே குடும்பம்தானே, பூவைப் பார்த்தே எது தன் மகரந்தத்தில் காய்க்கும், எது வேறு செடியின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் என்று சொல்லிவிட முடியுமா? பொட்டலில் கிடக்கும் நாய்க்கடுகையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? இதுதான் கேள்வி.

பெருமளவு சொல்லிவிடலாம். ஆனால் எல்லாரும் முதலில் இதழைத்தான் பார்க்கிறார்கள். பெரிய இதழ், பளிச்சென்ற நிறம் என்றால் அயல் மகரந்தச் சேர்க்கை, சின்ன இதழ் என்றால் தன் மகரந்தச் சேர்க்கை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் அந்த முடிவு அடிக்கடி பிசகும். இதழ் சொல்வது பெரும்பாலும் செடியின் பூர்வீகத்தை. இன்றைக்கு அது எப்படி விதை பிடிக்கிறது என்பதை மகரந்தப்பைதான் சொல்லும். அது எந்தப் பக்கம் திரும்பி வெடிக்கிறது, மகரந்தம் வந்து விழ வேண்டிய சூல்முடிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, உள்ளே எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

முதலில் நாய்க்கடுகை முடித்துவிடுவோம். நாய்வேளை என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ, நான்கு இதழ், நீளமான காய் எல்லாம் கடுகை ஒத்திருப்பதால் குழப்பம் வருவது சகஜம். அது கடுகுக் குடும்பம் இல்லை; அதன் பங்காளிக் குடும்பமான கிளியோமேசி. செடியைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். பூவுக்குள் பார்த்தால் மகரந்தத்தாள்கள், அதாவது நுனியில் மகரந்தப்பையைத் தாங்கும் தண்டுகள், பத்துக்கும் மேல் இருக்கும். கடுகுக் குடும்பத்தின் அடையாளமே வேறு: நான்கு இதழ்கள் சிலுவை போல் விரிந்திருக்கும், தாள்கள் ஆறு, அவற்றில் உள்வட்டத்து நான்கு நெட்டை, வெளிவட்டத்து இரண்டு குட்டை. காயை உரித்தால் நடுவில் மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தடுப்பு நிற்கும். நாய்க்கடுகில் அந்தத் தடுப்பு இருக்காது. ஆகவே உங்கள் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இப்போது முள்ளங்கி. ஆச்சி சொல்வதில் நியாயம் இருந்திருக்கும், செடி வளராமல் நின்றிருந்தால். கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடிக்குச் சத்துக் குறைவு என்று சொல்ல முடியாது. முள்ளங்கி தன் மகரந்தத்தை ஏற்காத செடி. இதைத் தன் ஒவ்வாமை என்கிறோம். மகரந்தத்திலும் குறை இல்லை, விதையாக மாற வேண்டிய சூலிலும் குறை இல்லை. சூல்முடியின் மேல் விழுந்த மகரந்தம் தன்னுடையது என்று தெரிந்தால், அதை முளைக்க விடாமல் செடி தடுத்துவிடுகிறது.

நகரத்தார் வழக்கத்தை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒன்பது கோயில், ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. கடுகுக் குடும்பச் செடிகளிலும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. எஸ் இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முட்டைக்கோஸ் இனத்தில் மட்டும் சுமார் 50 வகை அடையாளங்கள் தெரிய வந்திருக்கின்றன. மகரந்தத்தின் மேற்பூச்சில் ஒரு சின்னப் புரதம், சூல்முடியின் மேல்தோல் செல்களில் அதைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று. இரண்டும் ஒரே அடையாளமாக இருந்தால் மகரந்தத்துக்கு ஈரம் கிடைக்காது, குழாய் முளைக்காது. ஏற்பியின் மரபணு 1991-இலும், மகரந்தப் பக்கத்து மரபணு 1999-இலும் அடையாளம் காணப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது, மேற்பூச்சை மகரந்தத்துகள் தனியாக உண்டாக்கிக்கொள்வதில்லை. மகரந்தப்பையின் உட்சுவர், அதாவது தாய்ச் செடியின் திசு, அதைப் பூசி அனுப்புகிறது. அதனால் துகளுக்குள் இருப்பது ஒரே ஒரு அடையாளம் என்றாலும், வெளியே தாய்ச் செடியின் இரண்டு அடையாளங்களும் எழுதியிருக்கலாம்.

இதனால்தான் ஒற்றை முள்ளங்கி காய்க்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலரை ஏமாற்றும். ஹைப்ரிட் விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பத்துச் செடி வைத்தாலும் இதே கதி நேரலாம். தன் ஒவ்வாமையைப் பயன்படுத்தித் தயாரித்த ஹைப்ரிடாக இருந்தால், அந்தப் பொட்டலத்துச் செடிகள் அத்தனையும் ஒரே இரண்டு அடையாளங்களைச் சுமந்திருக்கும், பத்தும் பங்காளிகள். இன்னொரு வகை ஹைப்ரிடில் ஆண் மலட்டுத்தன்மை இருக்கும். ஜப்பானில் ஒகுரா என்பவர் 1968-இல் முள்ளங்கியிலேயே கண்டுபிடித்துச் சொன்ன மலட்டுத்தன்மை அது. இன்று முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு ஹைப்ரிட் தயாரிப்பில் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் செடி அந்த வகையா என்று காலையில் மலர்ந்த பூவில் பார்த்துவிடலாம். நல்ல பை பருத்து, வெடித்து, விரலில் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டும். மலட்டுப் பை வெளிறிச் சூம்பிப் போயிருக்கும், தேய்த்தால் ஒன்றும் ஒட்டாது.

சரி, கடுகுக்கு வருவோம். நம் தாளிப்புக் கடுகு பெரும்பாலும் பிராசிக்கா ஜன்சியா. அது தனி இனமாகத் தோன்றியதல்ல. கறுங்கடுகான பிராசிக்கா நைக்ராவும் சர்சோன், டர்னிப் வகையறாவான பிராசிக்கா ராப்பாவும் கலந்து, இரண்டின் நிறப்புரிகளும் (குரோமோசோம்களும்) சேர்ந்து உண்டானது. நைக்ராவின் 8, ராப்பாவின் 10, கூட்டினால் 18. இந்த உறவுகளைக் கொரிய வம்சாவளி விஞ்ஞானி ஊ ஜாங்-சுன் 1935-இல் ஒரு முக்கோணப் படமாக வரைந்து காட்டினார். பிராசிக்கா படிக்கிற எல்லாரும் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நைக்ராவும் தன் ஒவ்வாத இனம். ராப்பாவிலும் பெரும்பாலான வகைகள் அப்படித்தான். அவற்றுக்குத் தேனீ வேண்டும், எனவே பெரிய மஞ்சள் இதழ், அடியில் தேன்சுரப்பி, மணம் எல்லாம் வேண்டும். கலந்து பிறந்த கடுகு தன் மகரந்தத்தை ஏற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இதழ் அப்படியே நிற்கிறது. தேனீயும் வருகிறது, ஓரளவு அயல் சேர்க்கையும் நடக்கிறது. என்றாலும் பெரும்பகுதி விதை தன் மகரந்தத்தில் பிடித்ததுதான். உங்கள் தோட்டத்துக் கடுகுப் பூ, முள்ளங்கிப் பூ இரண்டிலும் இதழ் பளிச்சென்று விரிந்தே நிற்கும். இதழை மட்டும் பார்த்திருந்தால் இரண்டுக்கும் ஒரே பதில் எழுதியிருப்பீர்கள். இதழை நம்பாதீர்கள் என்று தலைப்பிலேயே போட்டதற்குக் காரணம் இதுதான்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டு எண்ணெய்வித்துப் பயிர்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வடக்கே ராப்பா இனத்தில் மூன்று பயிர் வைத்திருக்கிறார்கள்: டோரியா, பழுப்பு சர்சோன், மஞ்சள் சர்சோன். பழுப்பு சர்சோனிலேயே லோட்னி, டோரா என்று இரு வகை. டோரியாவும் லோட்னியும் தன் ஒவ்வாதவை; மஞ்சள் சர்சோனும் டோராவும் தன் மகரந்தத்தில் காய்ப்பவை. எல்லாம் ஒரே இனம், பூவும் அதே மஞ்சள். வித்தியாசம் மகரந்தப்பையில் இருக்கிறது. டோரியாவிலும் லோட்னியிலும் நெட்டைத் தாள்களின் பைகள் சூல்முடிக்கு முதுகு காட்டி, வெளிப்பக்கம் வெடிக்கின்றன. பூவுக்கு வரும் தேனீயின் உடம்பில் மகரந்தம் படும். மஞ்சள் சர்சோனிலும் டோராவிலும் பைகள் உட்பக்கம் பார்த்தபடி வெடிக்கின்றன. மகரந்தம் நேரே சூல்முடியில் விழும். நடவு வயலில் நின்றுகொண்டே இதைப் பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம்.

இது இந்தியப் பயிர்களில் மட்டும் உள்ள விசேஷம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்கிழக்கில், டென்னசி, அலபாமா பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைத் திட்டுகளில் லீவன்வொர்த்தியா என்ற சிறு செடிகள் வளர்கின்றன. அங்கேயும் தன் ஒவ்வாத இனங்களில் பை வெளிநோக்கியும், தானே காய்க்கும் இனங்களில் உள்நோக்கியும் இருக்கிறது. இந்தச் செடியும் சர்சோனும் குடும்பத்துக்குள் தூரத்து உறவு. தனித்தனியாக, வேறு வேறு கண்டங்களில், ஒரே மாற்றம் நடந்திருக்கிறது. ஒரே பழக்கம் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது என்பதால்தான் உருவத்தைப் பார்த்துப் பழக்கத்தைச் சொல்லத் துணிகிறோம்.

அடுத்து உயரம். தானே காய்க்கும் பூவில் நெட்டைத் தாள்களின் பை சூல்முடியின் மட்டத்துக்கு வந்து அதை உரசிக்கொண்டிருக்கும். அயல் மகரந்தம் தேடும் பூவில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும்; சூல்முடி பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. குட்டைத் தாள்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் எங்கும் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் தாலியானா தானே காய்க்கும் செடி. அதில் குட்டைத் தாள் இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ இல்லாத பூக்கள் இயற்கையிலேயே நிறையக் கிடைக்கின்றன. தன் மகரந்தம் சூல்முடியில் விழுவதற்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டைகளே போதும். தேன் அதிகம் சுரப்பது குட்டைத் தாளின் அடியில் உள்ள சுரப்பியில்; தேனீ வராத பூவில் அந்தப் பக்கத்துக்கே வேலை குறைந்துவிடுகிறது. லெப்பிடியம் பேரினத்தில் பாதிக்கு மேற்பட்ட இனங்கள் இரண்டே தாளோடு நிற்கின்றன.

மூன்றாவது, மகரந்தத்தின் கணக்கு. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் உறுதியான சான்று. பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும். ஒரு சூலுக்கு எத்தனை மகரந்தத்துகள் என்று பார்க்க வேண்டும். தேனீ கொண்டுபோகும் மகரந்தத்தில் பெரும்பகுதி வழியில் வீணாகும், தேனீயே தின்னும். எனவே அயல் சேர்க்கைச் செடி அள்ளி இறைக்கிறது. தன் சூல்முடியிலேயே தூவிக்கொள்ளும் செடிக்கு அவ்வளவு தேவை இல்லை. 1977-இல் க்ரூடன் (Cruden) என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பல குடும்பங்களின் செடிகளை எண்ணி, சராசரி போட்டுக் காட்டினார். மலராத பூவுக்குள்ளேயே சேர்க்கை முடித்துக்கொள்ளும் செடிகளில் சூல் ஒன்றுக்கு 5 துகளுக்கும் குறைவு. கட்டாயமாகத் தன் சேர்க்கை செய்பவற்றில் சுமார் 28. இரண்டும் செய்து, தன் சேர்க்கைப் பக்கம் சாய்ந்தவற்றில் சுமார் 169. அயல் பக்கம் சாய்ந்தவற்றில் சுமார் 797. முழுக்க அயல் சேர்க்கையில் 5,859. சராசரிகள்தான் இவை, கடுகுக் குடும்பத்தில் எண்கள் சற்று மாறலாம். எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், உங்கள் இரண்டு செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணும் முறை இது: நாளை மலரப்போகும் மொட்டு ஒன்றை மாலையில் எடுத்து, வெடிக்காத பை ஒன்றை அளந்த தண்ணீரில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, நசுக்கிக் கலக்குங்கள். அதில் ஒரு சொட்டைக் கல்லூரி நுண்ணோக்கியில் எண்ணி, மொத்த அளவுக்குப் பெருக்குங்கள். நெட்டைப் பையிலும் குட்டைப் பையிலும் தனித்தனியாக எண்ண வேண்டும். அப்புறம் அதே பூவின் சூல்பையைக் கீறி, சூல்களை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, பைக்கு 10,000 துகள் வந்தால் ஆறு பைக்கு 60,000. சூல் 15 என்றால் விகிதம் 4,000. எண்கள் சும்மா கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் பூவில் என்ன வருகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதழ் எதற்குமே ஆகாது என்று சொல்லவில்லை. காலம் போகப் போக இதழும் சுருங்கத்தான் செய்கிறது. கிரீஸ், அல்பேனியா பக்கம் காப்செல்லா கிராண்டிஃபுளோரா என்ற தன் ஒவ்வாத செடி இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து தானே காய்க்கத் தொடங்கியது காப்செல்லா ருபெல்லா. பிரிந்து இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல் இருக்காது என்பது மதிப்பீடு. பரிணாமக் கணக்கில் இது நேற்றைய சங்கதி. அதற்குள் ருபெல்லாவின் இதழ் பல மடங்கு சிறுத்துவிட்டது, மகரந்தம் குறைந்துவிட்டது, தாய் இனத்துப் பூவில் வீசும் பென்சால்டிஹைடு மணமும் போய்விட்டது. அராபிடாப்சிஸ் தாலியானா இன்னும் ஒரு படி மேலே. அதன் மகரந்தப் பக்கத்து அடையாள மரபணுவில் 213 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. 2010-இல் அந்தத் துண்டைச் சரியான பக்கம் திருப்பிய மரபணுவைச் சில செடிகளுக்குள் செலுத்தினார்கள்; அவை மறுபடி தன் மகரந்தத்தை மறுத்தன. சூல்முடியின் ஏற்பி என்ற பூட்டு இன்னும் வேலை செய்கிறது, மகரந்தப் புரதம் என்ற சாவிதான் உடைந்திருக்கிறது என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தில் ராப்பா செடிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒன்றுக்குப் பம்பிள் தேனீயை மட்டும், மற்றொன்றுக்கு மிதவை ஈயை மட்டும் விட்டு, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. ஒன்பது தலைமுறைத் தேர்வு போதுமானதாக இருந்தது. தேனீ கூட்டத்துச் செடிகள் உயர்ந்தன, மணம் கூடியது. ஈ கூட்டத்துச் செடிகள் தானே காய்ப்பதை நோக்கி நகர்ந்துவிட்டன. ஈயின் சேவை அவ்வளவு நம்பகமாக இல்லை. நம் ஊரில் பூச்சிமருந்து அடித்து அடுக்குத்தேனீயையும் கொசுத்தேனீயையும் விரட்டிவிட்டு, பூக்கள் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த முடிவை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

விதிவிலக்குகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்குலன் தீவில் பிரிங்க்லியா என்ற முட்டைக்கோஸ் மாதிரிச் செடி இருக்கிறது. இதழ் பெரும்பாலும் இல்லை. அதற்காகத் தன் சேர்க்கை மட்டும்தான் என்று எழுதிவிடக் கூடாது, காற்றிலும் மகரந்தம் பரப்புகிறது. தென் அமெரிக்காவின் கார்டமைன் செனோபோடிஃபோலியா மேலே திறந்த பூவும், மண்ணுக்கடியில் மலராத பூவும் வைக்கிறது. ஒரே செடியில் இரண்டு விதமும் உண்டு.

ஆகவே உருவத்தைப் பார்த்துச் சொன்னதை உறை போட்டு உறுதிப்படுத்த வேண்டும். மலர இருக்கும் மொட்டுகளை வெண்ணெய்த்தாள் உறையால் மூடிக் கட்டுங்கள். ஒரு கிளையைத் தொடவே வேண்டாம். இன்னொரு கிளையில் மலர்ந்த பூவுக்கு அதே செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி மறுபடி மூடுங்கள். மூன்றாவது கிளையில், மொட்டிலேயே ஆறு பைகளையும் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். மூன்றாவது மட்டும் காய்த்தால் தன் ஒவ்வாமை. முதலாவதும் காய்த்தால் தானே சேர்க்கை செய்கிறது. முதலாவது காய்க்காமல் இரண்டாவது காய்த்தால்தான் சுவாரசியம்: செடி தன் மகரந்தத்தை ஏற்கிறது, ஆனால் பையும் முடியும் எட்டி நிற்பதால் கொண்டுவந்து சேர்க்க ஆள் வேண்டும்.

உறை போடாமலேயே பார்க்கக்கூடிய சான்று ஒன்று உங்கள் தோட்டத்தில் இப்போதே நிற்கிறது. கடுகுக் கதிரில் பூ கீழிருந்து மேலாக மலர்கிறது. உச்சியில் மொட்டு, கீழே பூ, அதற்கும் கீழே காய். காம்போடு விரலை ஓட்டிக்கொண்டு வாருங்கள். கடுகில் காம்புக்குக் காம்பு காய் நின்றிருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே தடிமன். முள்ளங்கியில் வெறும் பூக்காம்புகள் வரிசையாக நிற்கும், நடுவில் எங்காவது ஒரு காய், அதிலும் ஒரே இடத்தில் புடைப்பு. அந்தப் புடைப்பில் ஒரு விதை இருக்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த தேனீ வைத்துவிட்டுப் போனதாக இருக்கலாம். பூ வாடும் தறுவாயிலோ, வெயில் ஏறிய நாளிலோ செடியின் மறுப்பு தளர்ந்திருந்தாலும் இப்படி ஒன்றிரண்டு பிடிக்கும்.

அந்த ஒற்றை முள்ளங்கியிலிருந்து விதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. மொட்டு மலர இரண்டு மூன்று நாள் முன்பே சூல்முடி மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடும். அடையாளம் பார்க்கும் ஏற்பி மட்டும் அப்போது போதிய அளவு வந்திருக்காது. ஊசியால் மொட்டின் நுனியைப் பிரித்து, அதே செடியில் மலர்ந்த பூவின் மகரந்தத்தை வைத்து, உறை போட்டுவிடுங்கள், காய் பிடிக்கும். முட்டைக்கோஸ், முள்ளங்கி ஹைப்ரிட்களின் பெற்றோர் வரிசைகளை இப்படித்தான் காப்பாற்றி வந்தார்கள். ஆனால் இப்படி எடுத்த விதையில் செடிகள் நோஞ்சானாக வரும், முள்ளங்கியில் அது நன்றாகவே தெரியும். சமையல் முள்ளங்கிக்கு விதை வேண்டுமென்றால் அடுத்த கார்த்திகையில் ஹைப்ரிட் இல்லாத ரகம் வாங்குங்கள். பூசா சேத்கி நம் சமவெளி வெப்பத்திலேயே பூத்து விதை பிடிக்கும். எட்டுப் பத்துச் செடிகளை ஒன்றாகப் பூக்க விடுங்கள். ஆச்சி உரம் போட நினைத்தால் போடட்டும், தடுக்க வேண்டாம். பூக்கும் நாட்களில் மருந்து மட்டும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.